அஞ்சு லட்சம் கவர் இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கா?

ஆகஸ்ட்ல நம்ம காலேஜுக்கு வந்த ஒரு கம்பெனியில எனக்கு வேலை கிடைச்சது. ஆஃபர் லெட்டர் மெயில்ல வந்த ராத்திரி, ஹாஸ்டல் ரூம்ல ஆறு பேர் என் லேப்டாப்பைச் சுத்தி உட்கார்ந்துட்டோம். எல்லாரும் தேடினது ஒரே ஒரு நம்பரை, சி.டி.சி. நான் அதைப் பார்த்துட்டு இன்னும் கீழே இறங்கிப் போனேன். நாலாவது பக்கத்துல ஒரு வரி இருந்தது: குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ், அஞ்சு லட்சம். அதை மூணு தடவை படிச்சேன். "டேய், உனக்கு இருபத்தோரு வயசு. அதுக்குள்ள ஆஸ்பத்திரியைப் பத்தி என்னடா கவலை?"ன்னு ரூம்மேட் சிரிச்சான்.

அவனுக்கு அன்னைக்குப் பதில் சொல்லல. இப்ப சொல்றேன், நீங்களும் கேளுங்க. (ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். நான் பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதறது இதுதான் முதல் தடவை. சந்திப்பிழை இருந்தா ஆசிரியர் குழுவைத் திட்டுங்க.)

ஒரு வருஷத்துக்குள்ள எங்க குடும்பம் ரெண்டு ஆபரேஷன் பார்த்துடுச்சு. ஒண்ணு ராஜபாளையத்துல இருக்கற அப்பாவுக்கு, மதுரையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில. இன்னொண்ணு ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கற அம்மாச்சிக்கு, அரசு ஆஸ்பத்திரியில. ரெண்டு ஊருக்கும் நடுவுல பஸ்ல அரை மணி நேரம்தான். ஆனா ரெண்டு பேரும் பட்ட பாடு வேற வேற.

அப்பா ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டர். ரொம்ப வருஷம் எங்க வீட்டுக்கு வைத்தியம்னா இ.எஸ்.ஐ.தான். சம்பளத்துல கொஞ்சம் பிடிப்பாங்க, முதலாளியும் ஒரு பங்கு கட்டுவாரு, காய்ச்சல்ல இருந்து பிரசவம் வரைக்கும் அதுலயே முடிஞ்சிடும். என் தங்கச்சி பிறந்ததுகூட அப்படித்தான். அப்புறம் அப்பாவை மேஸ்திரி ஆக்கினாங்க, சம்பளம் 22,500 ஆச்சு. அன்னைக்கு அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து அரைக் கிலோ பால்கோவா வாங்கிட்டு வந்து தெருவுக்கே குடுத்தாங்க. இ.எஸ்.ஐ.க்கு சம்பள வரம்பு மாசம் 21,000னு எங்க யாருக்கும் அப்போ ஞாபகம் வரல. 2017ல வெச்ச வரம்பு அது. விலைவாசி ஏறிச்சு, சம்பளமும் கொஞ்சம் ஏறிச்சு, வரம்பு மட்டும் அங்கேயே நின்னுச்சு. ஆக, பிரமோஷன் வந்த கொஞ்ச மாசத்துல இ.எஸ்.ஐ. கார்டு செல்லாம போச்சு.

சரி, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கேன்னு நினைப்பீங்க. அதுக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும். மாசம் பத்தாயிரம். அப்பாவுக்கு அதுவும் இல்ல. எங்க ஊரைச் சுத்தி இந்த மாதிரி எத்தனை பேர்னு யோசிச்சுப் பாருங்க. பத்தாயிரத்துக்கு மேல சம்பாதிச்சா அரசு அட்டை கிடையாது. இ.எஸ்.ஐ.க்குள்ள வரணும்னா மில்லு, ஃபேக்டரின்னு பதிவான இடத்துல வேலை பார்க்கணும். வீட்டுலயே ரெண்டு தறி போட்டிருக்கறவர், லோடு ஆட்டோ ஓட்டுறவர், சின்னதா டீக்கடை வெச்சிருக்கறவர் எல்லாம் எங்கே போவாங்க? நிதி ஆயோக் 2021ல இவங்களைப் பத்தியே ஒரு அறிக்கை போட்டுச்சு. நாட்டுல குறைஞ்சது 30 சதவீதம் பேர், ஏறக்குறைய 40 கோடி, எந்தக் காப்பீட்டுக்குள்ளயும் வராம நடுவுல நிக்கறாங்கன்னு அதுல இருக்கு. ஏழைன்னு சொல்ல முடியாது, பணக்காரன்னு சொன்னா சிரிப்பாங்க. எங்க அப்பா அந்த 40 கோடியில ஒருத்தர்.

அதனால 2022 டிசம்பர்ல, தெரிஞ்ச ஏஜென்ட் மாமா ஒருத்தர் மூலமா ஒரு ஃபேமிலி பாலிசி எடுத்தார். மூணு லட்சம். அடுத்து நடந்ததைத்தான் என்னால இன்னும் மறக்க முடியல.

2024 ஏப்ரல்ல அப்பாவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. ஸ்கேன் எடுத்தா பித்தப்பையில கல். டாக்டர் "சின்ன ஆபரேஷன், ரெண்டே நாள்ல வீட்டுக்குப் போயிடலாம், தள்ளிப் போடாதீங்க"ன்னு சொன்னார். அப்பா ஏஜென்ட் மாமாவுக்கு போன் போட்டார். பாலிசியில பித்தப்பைக் கல், குடலிறக்கம், கண்புரை மாதிரி சிலதுக்கெல்லாம் ரெண்டு வருஷம் காத்திருப்புக் காலம்னு அவர் சொன்னார். பாலிசி எடுத்து பதினாறு மாசம்தான் ஆகியிருந்தது. இன்னும் எட்டு மாசம்.

அப்பா எங்ககிட்ட என்ன சொன்னார் தெரியுமா? "டாக்டர் மாத்திரையிலயே கரைஞ்சிடும்னு சொல்லிட்டார்." எட்டு மாசம் எண்ணெய்ப் பலகாரம் தொடல. தீபாவளிக்கு முறுக்குகூட வேண்டாம்னார். ராத்திரி மொட்டை மாடியில நடந்துக்கிட்டே இருப்பார், கேட்டா புழுக்கம்னு சொல்வார். பாலிசி ரெண்டு வருஷம் முடிஞ்சு பதினோராவது நாள்தான் வலிக்குதுன்னு வாயைத் திறந்தார். மதுரைக்குக் கொண்டு போறப்ப பித்தப்பை வீங்கி சீழ் பிடிச்சிருந்தது. ரெண்டு நாள்ல முடிய வேண்டியது அஞ்சு நாள் ஆச்சு. தையல் பிரிச்ச அன்னைக்குத்தான் ஏப்ரல் ஸ்கேன் ரிப்போர்ட்டை அம்மா பீரோவுல கண்டுபிடிச்சாங்க. அப்பாகிட்ட ஒரு வாரம் பேசல.

இப்ப கணக்குக்கு வருவோம், நாம இன்ஜினியரிங் பசங்கதானே. மூணு லட்சம் பாலிசியில ரூம் வாடகைக்கு உச்சவரம்பு ஒரு சதவீதம், அதாவது ஒரு நாளைக்கு 3,000. அன்னைக்கு காலியா இருந்தது 4,500 ரூபாய் ரூம்தான். மிஞ்சிப்போனா ஒரு நாளைக்கு 1,500 நாம போட்டுக்கலாம்னு நானே அப்பாகிட்ட சொன்னேன். அங்கதான் ஏமாந்தேன். ரூம் வாடகை எந்த விகிதத்துல குறையுதோ, அதே விகிதத்துல சர்ஜன் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்சிங் சார்ஜ் எல்லாத்தையும் குறைப்பாங்க. 3,000க்கு 4,500ன்னா மூணுல ரெண்டு பங்குதான். மருந்துக்கும் டெஸ்ட்டுக்கும் மட்டும் இந்தக் குறைப்பு கிடையாது. எங்க பில்லு இப்படி இருந்தது: ரூம் 22,500, அதுல வந்தது 15,000. டாக்டர், தியேட்டர் வகையறா 84,000, வந்தது 56,000. மருந்து, டெஸ்ட் 36,000, முழுசா வந்தது. இது போக "இதெல்லாம் தர மாட்டோம்"னு தனியா ஒரு 6,500. மொத்தம் 1,49,000 ரூபாய்ல 1,07,000 வந்தது. 42,000க்கு அம்மாவோட வளையல் அடகுக்கடைக்குப் போச்சு.

அந்த 6,500 ரூபாய் லிஸ்ட்டைப் படிச்சப்ப எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல. கையுறை, டயப்பர், பஞ்சு, பேண்டேஜ் துணி. உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல, ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் போனீங்கன்னா தெருத்தெருவா தறிச் சத்தம்தான். அங்க நெய்யறது சேலையோ வேட்டியோ இல்ல, ஆஸ்பத்திரிக்கான பேண்டேஜ் துணி. எங்க சித்தப்பாவே அந்தத் தறியில இருக்கறவர். அவர் நெய்யற மாதிரி துணியை எங்க அப்பா வயித்துல சுத்தி, அதுக்கு இன்சூரன்ஸ் கிடையாதுன்னு எங்ககிட்டயே காசு வாங்கினாங்க. சித்தப்பாவுக்கு எந்தக் காப்பீடும் இல்லங்கறது தனிக் கதை.

இதுல யாரும் ஏமாத்தினாங்கன்னு நான் சொல்ல வரல. எல்லாமே பாலிசி புத்தகத்துல அச்சடிச்சிருந்தது. பாலிசி இல்லன்னா 1,49,000மும் எங்க தலையிலதான், அதையும் ஒத்துக்கறேன். ஆனா ஒரு மனுஷனை எட்டு மாசம் வலியை மறைக்க வெச்சது அந்தப் புத்தகம்தான்.

இப்ப அம்மாச்சி. வயசு 68. சுகர், பிரஷர் ரெண்டும் உண்டு. மாசாமாசம் மாத்திரை வீட்டுக்கே வருது. மகளிர் சுயஉதவிக் குழுவுல இருந்து ஒரு அக்கா வந்து, திண்ணையில உட்கார்ந்து, பிரஷர் பார்த்து, விரல்ல குத்தி சுகர் பார்த்து, மாத்திரையைக் குடுத்துட்டுப் போவாங்க. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின "மக்களைத் தேடி மருத்துவம்" இதுதான். அம்மாச்சி அந்த அக்கா வர்ற அன்னைக்கு மட்டும் காபியில சர்க்கரை போட மாட்டாங்க, மாட்டிக்கக்கூடாதுன்னு.

இந்த ஜூன்ல, செம் லீவுல நான் அங்க இருந்தப்ப, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. தொடை எலும்பு. 108க்கு போன் போட்டது நான்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஜி.ஹெச்.ல எக்ஸ்ரே எடுத்து, காலை அசையாம கட்டி, வலிக்கு ஊசி போட்டாங்க. இடுப்புக்கிட்ட உடைஞ்சிருக்கு, பிளேட் வெக்கணும்னு பெரிய ஆஸ்பத்திரிக்கு அதே ராத்திரி ஆம்புலன்ஸ்ல அனுப்பினாங்க. எந்த ஊர் பெரிய ஆஸ்பத்திரின்னு சொல்லப்போறதில்ல, ஏன்னா அடுத்து கொஞ்சம் குறை சொல்லணும்.

ஆபரேஷனுக்கு ஆறு நாள் காத்திருந்தோம். வார்டுல கட்டில் பத்தல, ரெண்டு பேர் தரையில பாய்ல படுத்திருந்தாங்க. துணைக்கு இருந்த நான் வராண்டாவுல பெட்ஷீட் விரிச்சு, பக்கத்துல மணமகன் மாதிரி வெள்ளை வேட்டியில இருந்த ஒரு தாத்தாவோட கொசுவத்தியைப் பங்கு போட்டுக்கிட்டேன். பாத்ரூமைப் பத்தி எழுதினா இந்த இதழை நீங்க சாப்பிடற நேரத்துல படிக்க முடியாது. ஒரு நாள் ஸ்ட்ரெச்சர் தள்ளினதுக்கு காசு கேட்டாங்க, குடுத்தோம். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தா மொத்தமா ஒரு நிமிஷம்.

ஆனா ஆபரேஷன் ஆச்சு. நல்லா ஆச்சு. அம்மாச்சி இப்ப வாக்கர் வெச்சுக்கிட்டு திண்ணை வரைக்கும் வர்றாங்க. பிளேட்டுக்கும் ஆபரேஷனுக்கும் காசு கேட்கல. வார்டுல ஒரு அக்கா வந்து "காப்பீட்டு அட்டை இருக்கா"ன்னு கேட்டப்ப மாமா பயந்துட்டார், அது பிரைவேட்டுக்குத்தானே, இங்க எதுக்குன்னு. அரசு ஆஸ்பத்திரியும் அந்தத் திட்டத்துல சிகிச்சை செஞ்சா அதுக்கான பணத்தைக் காப்பீட்டுல இருந்து வாங்கிக்கும்னு அப்பதான் எங்களுக்குத் தெரிஞ்சது. அட்டை இல்லன்னா வெளியே போன்னு யாரும் சொல்லல. அட்டை இருந்தா ஆஸ்பத்திரிக்கு வரவு, அவ்வளவுதான்.

ரெண்டையும் பக்கத்துல வெச்சா எனக்கு ஒண்ணுதான் கண்ணுல படுது. ஜி.ஹெச்.ல ஓ.பி. சீட்டு போடற கவுன்டர்ல என்ன கேட்பாங்க? பேர், வயசு, ஊர். சம்பளம் எவ்வளவுன்னு கேட்க மாட்டாங்க. பழைய வியாதி உண்டான்னு டாக்டர் கேட்பார், வைத்தியம் பண்றதுக்காக. அதே கேள்வியைத்தான் இன்சூரன்ஸ் ஃபார்மும் கேட்குது, எதை விடலாம்னு பார்க்கறதுக்காக. காலேஜ் சீட்டுக்கு, ஸ்காலர்ஷிப்புக்கு, காப்பீட்டு அட்டைக்கு எல்லாத்துக்கும் வருமானச் சான்றிதழ் வாங்க அலைஞ்ச நமக்கு அந்த கவுன்டரோட அருமை தெரிஞ்சிருக்கணும். எல்லாருக்கும் மருத்துவம்னு உலகம் பூரா பேசறாங்களே, அது நம்ம ஊர்ல ஏற்கனவே இருக்கு, அந்த ஜன்னல்ல. நாமதான் அந்த வரிசையில இல்ல.

இந்த ரெண்டு வழியும் எங்க பிரிஞ்சதுன்னு தேடிப் படிச்சேன். இங்கிலாந்துல 1948 ஜூலை 5ல என்.ஹெச்.எஸ். தொடங்கினாங்க, வரிப்பணத்துல எல்லாருக்கும் வைத்தியம். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1946ல, நம்ம நாட்டுல போர் கமிட்டி அறிக்கை கொடுத்துடுச்சு. காசு கட்ட முடியலங்கற காரணத்துக்காக யாருக்கும் வைத்தியம் கிடைக்காம போகக்கூடாதுங்கறது அதோட அடிப்படை. அமெரிக்கா வேற வழியில போச்சு, அதுவும் திட்டம் போட்டுப் போகல. ரெண்டாம் உலகப் போர் நேரம், 1942ல, சம்பளத்தை உயர்த்தக்கூடாதுன்னு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டுச்சு. ஆள் பிடிக்கறதுக்குக் கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதிலா மருத்துவக் காப்பீட்டைக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அது அப்படியே ஒட்டிக்கிச்சு. அங்க இன்னைக்கும் நிறைய பேருக்கு வேலை போனா இன்சூரன்ஸும் சேர்ந்து போகும். என் ஆஃபர் லெட்டர்ல இருக்கற அந்த வரிக்குக் கொள்ளுத்தாத்தா இந்த 1942தான்.

நம்ம மாநிலம் ரெண்டு குதிரையிலயும் கால் வெச்சிருக்கு. 1994ல மருத்துவப் பணிகள் கழகம்னு ஒண்ணு ஆரம்பிச்சு, அரசு ஆஸ்பத்திரிகளுக்கான மருந்தை மொத்தமா வாங்கி, மாவட்டக் கிடங்கு வழியா அனுப்பறாங்க. அம்மாச்சி மாத்திரைக்குப் பின்னாடி இருக்கறது அதுதான். 2022ல விருதுநகர்லயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துடுச்சு. இது ஒரு குதிரை. 2009ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012ல முதலமைச்சர் விரிவான காப்பீட்டுத் திட்டம், 2018ல மத்திய அரசுத் திட்டத்தோட சேர்த்து குடும்பத்துக்கு அஞ்சு லட்சம். இது இன்னொரு குதிரை. ஆட்சி மாறினாலும் ரெண்டையும் யாரும் நிறுத்தல, அது பெரிய விஷயம்தான். ஆனா மேடையில எது பேசப்படுதுன்னு பாருங்க. அஞ்சு லட்சம்னா கைதட்டல் வரும். ஜி.ஹெச்.ல கூடுதலா நாலு நர்ஸ் போட்டோம்னா யார் தட்டுவாங்க?

அப்பா மில்லுல ரெண்டு விதமான வேலை உண்டு. மிஷின் நின்னப்புறம் ஓடிப் போய்ச் சரி பண்றது ஒண்ணு. நிக்காம இருக்க, தேதி போட்டு எண்ணெய் விட்டு, பெல்ட் மாத்தறது இன்னொண்ணு. நமக்கும் இதை ஒரு பேப்பரா வெச்சிருக்காங்க, நான் அதுல பார்டர் பாஸ். இன்சூரன்ஸ் பெரும்பாலும் முதல் வகைக்குத்தான் காசு கொடுக்கும். படுத்தா வரும். படுக்காம இருக்க மாசாமாசம் வாங்கற மாத்திரைக்கும் டெஸ்ட்டுக்கும் சாதாரணமா வராது. அம்மாச்சிக்கு வர்ற ரெண்டு மாத்திரையை எந்த அஞ்சு லட்சம் அட்டையும் வீட்டுக்குக் கொண்டு வந்து தராது.

"அதெல்லாம் சரிடா, அந்த வராண்டாவுல உங்க அப்பாவைப் படுக்க வெப்பியா?"ன்னு ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான். வெக்க மாட்டேன்னுதான் மதுரைக்குப் போனோம். இங்கிலாந்துலயும் ஆபரேஷனுக்கு மாசக்கணக்குல காத்திருக்கறவங்க உண்டு, பொதுன்னு பேர் வெச்சா எல்லாம் சொர்க்கம் ஆகிடாது. ஆனா அந்த வராண்டா ஏன் அப்படி இருக்குன்னு யோசிங்க. அங்க என்கூட இருந்தவங்க விவசாயக் கூலி, தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்க்கற அக்கா, கட்டட வேலை பார்க்கற அண்ணன். பாத்ரூம்ல தண்ணி வரலன்னா யாருக்கு எழுதணும்னு அவங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் நேரம் இல்ல. கலெக்டர் ஆபீஸுக்கு மெயில் போடத் தெரிஞ்சவன், ட்விட்டர்ல போட்டோ போட்டு அமைச்சரை டேக் பண்ணத் தெரிஞ்சவன், "சார், இது என்ன"ன்னு இங்கிலீஷ்ல கேட்கத் தெரிஞ்சவன் எல்லாம் அஞ்சு லட்சம் கவரை எடுத்துக்கிட்டு வேற கேட் வழியா போயிட்டான். அதாவது நானும் நீங்களும். நம்ம கிளாஸ்ல 60 பேர் இருக்கோம். அஞ்சு வருஷத்துல ஒரு தடவையாவது ஜி.ஹெச்.ல ஓ.பி. சீட்டு வாங்கினவங்க எத்தனை பேர்னு கேட்டேன். நாலு கை தூக்குச்சு. அதுல ரெண்டு நாய்க்கடி.

வருமான வரம்பை எடுத்துட்டு, அந்தக் காசை முதல்ல ஆஸ்பத்திரி மேல போடணும்ங்கறது என் கருத்து. தாய்லாந்து பெரிய பணக்கார நாடா ஆன பிறகு அதைச் செய்யல. 2002 வாக்குல, தடவைக்கு 30 பாட் கட்டினா போதும்னு நாடு முழுக்கக் கொண்டு வந்தாங்க. இன்சூரன்ஸ் மேல ஒரு குடை மாதிரி இருந்துட்டுப் போகட்டும். குடை இருக்குன்னு யாரும் வீட்டுக்குக் கூரை போடாம விடறதில்ல.

அது வர்ற வரைக்கும், உங்க ஆஃபர் லெட்டர்ல நாலாவது பக்கம் போங்க. அப்பா அம்மாவுக்குச் சேருமா, சேர்ந்தா பிரீமியம் யார் கட்டறது, ரூம் வாடகைக்கு வரம்பு உண்டா, பில்லுல நம்ம பங்கு இத்தனை சதவீதம்னு இருக்கா, வேலையை விட்ட அன்னைக்கே நின்னுடுமா, இதெல்லாம் ஹெச்.ஆர்.கிட்ட மெயில்ல கேளுங்க, போன்ல வேண்டாம். வீட்டுல தனியா பாலிசி இருந்தா காத்திருப்புக் காலம் எது எதுக்குன்னு நீங்களே படிச்சு அப்பாவுக்குச் சொல்லுங்க. ஏற்கனவே இருந்த வியாதிக்கு அதிகபட்சம் நாலு வருஷம்னு இருந்ததை 2024ல மூணு வருஷமா குறைச்சுட்டாங்க. டிஸ்சார்ஜ் அப்ரூவல் மூணு மணி நேரத்துக்குள்ள தரணும்னும் அதே வருஷம் விதி வந்துச்சு. ஆனா ஆஸ்பத்திரி பில்லை அனுப்பின நேரத்துல இருந்துதான் அந்தக் கடிகாரம் ஓடும். கிளெய்மை மறுத்தாங்கன்னா முதல்ல கம்பெனிக்கு எழுதணும், சரியான பதில் இல்லன்னா இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு. சென்னையில ஆபீஸ் இருக்கு, கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்ல.

நான் ஹெச்.ஆர்.க்கு மெயில் போட்டேன். பெற்றோரைச் சேர்க்கலாம், பிரீமியம் என் சம்பளத்துல பிடிப்பாங்க, நான் சேர்ந்த பிறகுதான்னு பதில் வந்தது. அதுக்கு இன்னும் மாசக்கணக்கு இருக்கு. வீட்டுல இதைச் சொன்னேன். அம்மா ஒண்ணும் சொல்லல. போன திங்கட்கிழமை காலைல அப்பாவைக் கூட்டிக்கிட்டு ராஜபாளையம் ஜி.ஹெச்.க்குப் போயிட்டாங்க, சுகர் பார்க்க. பல வருஷத்துக்கு அப்புறம் அப்பா அந்த வரிசையில நின்னாராம். முன்னாடி நின்னது சத்திரப்பட்டி சித்தப்பா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, நீ எதுக்கு இங்கன்னு கேட்டுக்கிட்டாங்களாம். சுகர் 210. ஒரு மாசத்துக்கு மாத்திரை குடுத்திருக்காங்க. அடுத்த தடவை வெறும் வயித்துல வரணும், ஏழரைக்கே வந்தா கூட்டம் இருக்காதுன்னு நர்ஸ் சொன்னாங்களாம். சித்தப்பா டி.வி.எஸ்.ஸ்ல சேர்ந்தே போயிக்கலாம்னு பேசி வெச்சிருக்காங்க.